நடுரோட்டைக் காலியாக வைத்தவனுக்கு

இன்று காலையும் உன் கார்களுக்குப் பல் துலக்கிவிட்டேன். பற்பசை வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. பம்பருக்கு இதைவிட நல்ல பாலிஷ் கிடையாது என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது என் பற்களைவிட அவை வெண்மையாக இருக்கின்றன.

நீ கண்ணை மூடியபின் உன் மனைவி மகள் வீட்டுக்கே குடிபோனபோது, உன் கண்ணாடி அலுமாரியை உக்குவளையில் உள்ள என் வீட்டு முன்னறைக்கு அனுப்பிவிட்டார். உள்ளே எல்லாம் நீ வைத்தபடியே. சாண்ட் பேப்பர் ஒட்டிய கறுப்பு ரோடு, அதன் ஓரத்தில் மழைத்தண்ணி ஓடும் ஒரு கான். அந்தக் காலத்துச் சொகுசுக் கார்கள், கைக்குள் அடங்கும் அளவில், அத்தனையும் இரண்டு சக்கரம் கானில் இறங்கிச் சாய்ந்து நிற்கின்றன. நடுரோட்டில் ஒன்றுமில்லை.

ரிவர்ஸ்டன் மலைக்குப் பஸ் ஓட்டியவனுக்குத் துரைமார் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. நான் கேட்டது வேறு.

"என்னடா, இவ்வளவு காலம் பஸ் ஓட்டியும் பார்க் பண்ணத் தெரியலியா?"

"தெரியும் மச்சான். அப்பா வர்றாரு. துரைமாரு ஒதுங்கி நிக்கிறாங்க."

வெள்ளைக்காரத் துரையின் கார் சத்தம் கேட்டால் தோட்டத்துக் கூலியாள் கானுக்குள் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு நிற்கவேண்டிய காலம் அது. மழைக்கு அந்தச் சட்டத்தில் சலுகை இல்லை. உன் அப்பா நனைந்தார். பக்கத்தில் நின்று நீயும் நனைந்தாய்.

அந்தத் துரை பங்களா இப்போது ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வந்து தங்குகிறார்கள், இந்த முறை வாடகை கொடுத்து. போன கிழமை அதன் மேனேஜர் என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, இதெல்லாம் பங்களாவுல இருக்கவேண்டிய சாமான். வாசல்ல வச்சு அவரு பேரையும் போடுறோம். இங்க யாரு பாக்குறாங்க?"

"எப்படி வைப்பீங்க?"

அவர் அலுமாரியைத் திறந்தார். உனக்குப் பிடித்த அந்த நீளமான கறுப்புக் காரைப் பக்குவமாகத் தூக்கி நடுரோட்டில் வைத்தார்.

"இப்படி. அப்பத்தானே கம்பீரம்!"

நான் அதை எடுத்துக் கானில் இறக்கினேன்.

"அங்க வைக்காதீங்க தம்பி. ஆள் வர்றாரு."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுபடியும் வருவாராம். வரட்டும். உன் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் போடுவதாகச் சொல்வார். நான் இருக்கும்வரை இதில் ஒரு கார்கூட பங்களா ஏறாது.

வெளியே நல்ல மழை. அலுமாரியைப் பூட்டுமுன் ஒருமுறை பார்த்தேன். எல்லாம் ஒதுங்கித்தான் நிற்கின்றன. உன் அப்பா குடையை விரித்தபடியே போகலாம்.