கல்முனைப் பொயின்டுக்கு மோட்டர் வேண்டாம்

அன்பு மகன் சப்ரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், கட்டார் வெயிலில் உங்களையும் அவன் குளிர்ச்சியாக வைத்திருக்க துஆச் செய்கிறேன். போனில் கதைக்கும்போது உங்கட வாப்பா பக்கத்தை விட்டு அசைய மாட்டார், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பி வரும் றம்ஸீனிடம் கொடுத்து விடுகிறேன்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த சின்ன ரெயிலை அவர் விளையாட்டாக நினைக்கவே இல்லை மகன், பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனிசன்தானே. ஊருக்கு வராத ரெயில் எங்கட மேசையில் மட்டக்களப்பிலிருந்து காரைதீவு வரைக்கும் நேரம் பிசகாமல் ஓடுது. தண்டவாளம் பிரிகிற இடத்தில், பொயின்ட் என்பாரே, அந்த நாக்கைக் கையால் தள்ளித்தான் பாதை மாற்ற வேணும். அவர் மேசையின் ஒரு தலைப்பில் இருந்து ரெயிலை ஓட்டுவார், பொயின்ட் எல்லாம் மற்றத் தலைப்பில். பின்னேரம் அசர் தொழுததும் சுல்பிகா, பொயின்ட் என்று கூப்பிடுவார், நான் கறிச்சட்டியை இறக்கிப்போட்டு ஓடுவேன். முழங்கால் போச்சு என்று முணுமுணுத்திருக்கிறேன். முழங்கால் மடக்க ஏலாமல் நான் கதிரையில் இருந்து தொழுவதைக் கண்ட பிறகுதான், எல்லாவற்றுக்கும் கரண்ட் சுவிட்ச் போடுவோம் என்று உங்களிடம் மோட்டர் கேட்டவர்.

வந்த ஐந்து மோட்டரில் ஒன்று முதலிலேயே எரிந்துபோச்சு. லைட்டுக்குப் போடுகிற சுவிட்சைப் போட்டவர், பாதை மாறின பிறகும் கரண்ட் நிற்காமல் ஓடிப் புகைந்துவிட்டது. முகம் வாடிப்போய்த் திரிந்தார். பிறகு லுஹர் தொழுது வரும் வழியில் யார் வீட்டு வாசலிலோ பெல்லை அமத்தி இருக்கிறார், கையை எடுத்ததும் சத்தம் நின்றதே, அதைப் பிடித்துக்கொண்டு நேரே கடைக்குப் போயிட்டார். இந்தப் பக்கம் திரும்ப ஒன்று அந்தப் பக்கம் திரும்ப ஒன்று என்று எட்டு பெல் சுவிட்ச் கேட்டாராம், ஹாஜியார் உங்கட ஊட்டுக்கு எத்தின வாசல் என்று கடைக்காரர் சிரித்தாராம். நானும் வீட்டுக் கணக்கில் ரெயில் என்று ஒரு தலைப்புப் போட்டுவிட்டேன். இந்த வயதில் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, ஈயம் உருக்கி ஒட்டி, மேசைக்கடியில் வயர் இழுத்திருக்கிற சீரைப் பார்க்க வேணும், மருதமுனையில் நெய்கிற சாரன் கரை மாதிரி. அமத்தினால் டக்கென்று நாக்கு திரும்புது, ஸுப்ஹானல்லாஹ் சொல்லிப்போட்டேன்.

ஆனாலும் மகன், வேலை நடந்த நாளெல்லாம் பின்னேரத்தில் என்னைக் கூப்பிடவே இல்லை. குசினியில் நிம்மதியாகச் சமைத்தேன், மனம் சரியில்லை. முழங்காலைப் பற்றி வாய் திறந்திருக்கக் கூடாது என்று கூட நினைத்தேன். எல்லாம் முடிந்த அன்று ரெயில் கல்முனைக்கு முதல் பாண்டிருப்பில் வந்து நின்றது, சுல்பிகா, பொயின்ட் என்று சத்தம். போனால், கல்முனைப் பொயின்டை மட்டும் மோட்டர் இல்லாமல் தனக்குப் பக்கத்தில் மாற்றிவைத்து, முன்னால் ஒரு கதிரையும் போட்டிருக்கிறார். மகன் இன்னொரு மோட்டர் அனுப்புறன் எண்டாரே, ஏன் தேவல்ல எண்ட நீங்க என்று கேட்டேன். எல்லாத்துக்கும் சுவிட்ச் வெச்சா என்ன சாட்டுச் சொல்லி ஒன்னக் கூப்பிடுற என்றார், என்னைப் பார்க்காமல்.

பஜ்ரைத் தவற விடாதீர்கள், வெறும் பிளேன்டியை மட்டும் குடித்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக. மோட்டரை வாங்கிவிட்டீர்கள் என்றால் அங்கேயே வைத்திருங்கள், யாரிடமும் கொடுத்து விட வேண்டாம்.

துஆவுடன்,
உங்கட உம்மா சுல்பிகா