ஃபிரிட்ஜ் மேல் நின்ற ஒயின்

செவ்வாய், வைகாசி வெயில்

எங்கள் தோல் கம்பெனியில் சரக்கு வாங்கும் இத்தாலிக்காரர் நாளைக் காலை மேல்விஷாரம் வருகிறார். போன முறை எனக்குக் கொடுத்த சிவப்பு ஒயின் எப்படி இருந்தது என்று கட்டாயம் கேட்பார். வாய்க்கு வந்ததைச் சொன்னால், தோலுக்கும் இப்படித்தான் தரம் சொல்கிறாளோ என்று நினைப்பார். அதனால்தான் இன்று சாயங்காலம் திறந்தோம்.

நாலு மாதமாக பாட்டில் ஃபிரிட்ஜ் மேல் நின்றுகொண்டிருந்தது. படுக்கவைக்க வேண்டும், சூடு படக்கூடாது என்பதை இன்றுதான் போனில் படித்தேன். தக்கை காய்ந்து பொடியாக உதிர்ந்தது. தோல் கட்டுகளைத் தகரக் கூரைக்கடியில் அடுக்கியதற்காக குடோன் ஆளைப் போன வாரம் திட்டியவள் நான்.

லேபிளில் செர்ரி, புகையிலை, லெதர் வாசனை என்று போட்டிருந்தது. ஒரு வாய் குடித்ததும் நாக்கை இழுத்துப் பிடித்தது. கடுக்காய்த் துவர்ப்பு, அது புரிந்தது. கொஞ்சம் புளித்தும் போயிருந்தது. ஆனால் லெதர்? எந்த லெதர்? பச்சைத் தோலா, பதனிட்டதா, பாலிஷ் போட்டதா? பதினெட்டு வருஷமாகத் தோலோடு கிடக்கிறேன், எனக்கு ஒன்றுமே வரவில்லை.

வீட்டுக்காரர் கிளாஸை வாங்கி ஒரே தடவை முகர்ந்தார்.

"இன்னா வரலைன்ற? ஜாஸ்தியாவே வருது. தினம் நீ வேலை முடிஞ்சு உள்ள வர்றப்ப வீசுமே, அதேதான்."

துப்பட்டாவை முகர்ந்து பார்த்தேன். அதிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, லெதர் வருகிறது என்றே இத்தாலிக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று நிம்மதியாகப் படுத்தேன். படுத்த பிறகுதான் உறைத்தது. வீட்டுக்காரர் முகர்ந்தபோது நான் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அப்போது வேலையிலிருந்து வந்து குளித்திருக்கக்கூட இல்லை.