மையத்தின் ஏழாம் எண் கணினியைக் கழிவுப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
சு. ஆவுடைநாயகம் (முன்னாள் ராணுவ ஹவில்தார்),
இரவு பகல் காவலர், கணினிப் பயிற்சி மையம்,
அச்சன்புதூர், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
கணினிப் பயிற்சி மையங்கள்,
தென்காசி.

பொருள்: பழைய கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி (எண் 7) பழுது எனத் தவறாகப் பதிவானது – பதிவு செய்தவன் நானே என்பது – 28.11.2025 அன்று அகற்றாமல் நிறுத்தி வைக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. வணக்கம். என் மனைவி மாடத்திக்கு வயது நாற்பத்தெட்டு. இரண்டேகால் வருடத்துக்கு முன் வந்த மூளைக் காய்ச்சலில் இரு காதும் கேட்காமல் போயிற்று. கருவி வைத்தும் பயனில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் பேசுவாள், எட்டாவது வரை படித்தவள் என்பதால் எழுத்தும் வாசிப்பாள். பிறர் பேசுவதுதான் அவளுக்குப் போய்ச் சேராது.

2. பேச்சை எழுத்தாக்கும் வசதி போனில் இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். முயன்று பார்த்தோம். எங்கள் ஊர்ப் பேச்சு அந்தப் போனுக்குப் பிடிபடவில்லை. நான் ஒன்று சொல்ல அது ஒன்று எழுதியது. மூன்றாம் நாளே மாடத்தி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

3. மையத்தின் ஒப்பந்தப் பயிற்றுநர் செல்வி ஷாரோன் இதைக் கேள்விப்பட்டு, ஏழாம் எண் கணினியில் ஒரு மென்பொருளை ஏற்றினார். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கேட்டு வாங்கிப் பதிவு செய்த பேச்சைக் கொடுத்து அதற்கு எங்கள் தமிழைப் பழக்கினார். அந்தக் கணினியில் இருப்பது, மூடிப்போன கல்யாண வீடியோ கடை ஒன்று நன்கொடையாகத் தந்த பன்னிரண்டு வருடப் பழைய கார்டு. இன்றைய மென்பொருள் அந்தத் தலைமுறைக் கார்டுகளைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டதாம். ஆகவே அவர் மூல நிரலை இறக்கி, இந்தக் கார்டின் எண்ணை அதில் சேர்த்து, முழுவதையும் புதிதாகத் தொகுத்து ஓட வைத்தார். எனக்கு இதில் பாதிதான் விளங்கியது. ஆனால் ஓடியது.

4. மாடத்தி மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவருவாள். பயிற்றுநர் அனுமதியோடு வகுப்பு இடைவேளையில் அதன் முன்னால் உட்கார்ந்தோம். முதல் நாள் மைக்கில் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. “சாப்பிட்டியாட்டி?” என்று கேட்டேன். அது அப்படியே திரையில் வந்தது. அவள் வாசித்துவிட்டு, “சோறு கொண்டுட்டு வந்தவகிட்டயே சாப்பிட்டியான்னு கேக்கிய” என்று சிரித்தாள். அய்யா, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் எனக்கு எதிர்ப்பேச்சு பேசினாள். பிறகு எட்டு மாதம், விடுமுறை போக, தினமும் பேசினோம். வயல் வரப்புத் தகராறு, சம்பந்தி வீட்டுக் குறை, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்பது வரை பேசினோம். சண்டையும் போட்டோம்.

5. இனி என் தவறு. ஆயுத பூஜைக்கு எல்லாக் கணினிகளையும் அணைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமி காலையில் திரும்பப் போட்டபோது, புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா என்று ஏழாம் எண் கணினி கேட்டது. புதிது தொடங்குகிற நாளில் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சம்மதம் கொடுத்தேன். அதோடு ஏறிய, கார்டை இயக்கும் புதிய டிரைவர் நிரல் இந்தப் பழைய கார்டை அடையாளம் காணவில்லை. மென்பொருள் நின்றுபோயிற்று.

6. பட்டாளத்துப் பழக்கத்தில் அன்றே பழுதுப் பதிவேட்டில், “எண் 7, கார்டு இயங்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஷாரோன் ஒன்பது நாள் பாடுபட்டுப் பழைய டிரைவரைத் திரும்ப வைத்து, இனித் தானாக எதுவும் ஏறாதபடி நிறுத்தி, அனைத்தையும் சரிசெய்துவிட்டார். நாங்களும் மறுபடி பேசத் தொடங்கினோம். ஆனால் பதிவேட்டில் “சரியானது” என்று எழுதக் கட்டம் இல்லை. எழுதியதை அடிக்கக்கூடாது என்று பழகிய கை, அடிக்கவில்லை. 5.11.2025 அன்று ஆய்வுக்கு வந்தவர்கள் அந்த வரியைப் படித்தார்கள். ஆதரவு இழந்த கார்டு, பழுதும் உண்டு என்று கழிவுப் பட்டியலில் சேர்த்து, சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு, தனி அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியிருந்ததை நம்பினார்கள், அவ்வளவுதான்.

7. இதற்குப் பதிலாக வரப்போகும் புதிய கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஷாரோன் தன் சொந்தக் கணினியில் கார்டு இல்லாமல் அந்த மென்பொருளை ஓட்டிச் சோதித்தார். ஒரு வாக்கியம் எழுத்தாக ஒன்றரை நிமிடம் ஆகிறது. அதற்குள் பேசியவருக்கே பேசியது மறந்துவிடும்.

8. பூட்டிய அறையின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. உத்தரவில்லாமல் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். எனவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) 28ஆம் தேதிக்கு முன் யாரையேனும் அனுப்பி அந்தக் கணினியை ஓட்டிப் பார்க்கச் சொல்லவும். பத்து நிமிடம் போதும்.

(ஆ) அது இயங்குவது உறுதியானால் கழிவுப் பட்டியலிலிருந்து நீக்கி, மையத்திலேயே வைக்க உத்தரவிடவும்.

(இ) கேட்காமல் மென்பொருளை மாற்றியதற்கு நடவடிக்கை உண்டென்றால் அது என்மேல் மட்டும் இருக்கட்டும். ஷாரோன் ஒப்பந்த ஊழியர், தகப்பன் இல்லாத பெண்.

9. நடந்ததை நான் மாடத்தியிடம் சொல்லவில்லை. என் கையால் வந்த வினை என்று எழுதிக் காட்ட வெட்கமாக இருந்தது. மையத்தில் வேலை நடக்கிறது, சோறு கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சிலேட்டில் எழுதினேன். பன்னிரண்டு நாள் பொறுத்தாள். நேற்று அதே சிலேட்டை வாங்கி அவள் எழுதியது: “எங்கூடப் பேசி அலுத்துப் போச்சுன்னா சொல்லிருங்க. நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

அதற்குப் பதிலை என்னால் சிலேட்டில் எழுத முடியவில்லை அய்யா. அந்தக் கணினி முன்னால் அவளை உட்காரவைத்து என் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு அனுமதி தருமாறு பணிந்து கேட்கிறேன்.

இடம்: அச்சன்புதூர்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சு. ஆவுடைநாயகம்

இணைப்பு: பழுதுப் பதிவேட்டின் 31ஆம் பக்க நகல்.