மூன்று முகமூடிகளும் உன் தம்பியின் வலது கையும்

அன்பு மகள் சுதர்சினிக்கு,

நீ அந்தக் குளிர் நாட்டில் உடம்பு சுகத்தோடும் மனத்தைரியத்தோடும் இருக்க வேண்டுமென்று ஹந்தானை மாரியம்மாளை நினைத்து இதைத் தொடங்குகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில் கை ஓடவில்லை மகள். போனில் உன் குரலைக் கேட்டதும் அழுகை முந்திவிடுகிறது, சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியின் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மகள் ரிப்கா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

மழையில் மடுல்கெல்லைப் பக்கம் மண் சரிந்ததும் தம்பிக்குக் கையில் அடி பட்டதும் உனக்குத் தெரியும். எவ்வளவு அடி என்று நான் சொல்லவில்லை, நீ தனியாக இருக்கிறாய் என்று பயந்தேன். உன் பெரியம்மா வேலாயியை நம் வீட்டுக்குக் கூட்டிவரத்தான் அவன் போனான். அவன் போய்ச் சேரும்போதே தோட்டத்து லயத்துச் சுவர் சாய்ந்து நின்றதாம், அவளை இழுத்து வெளியே தள்ளிவிட்டான், இவன் வெளியே வருவதற்குள் சுவர் வலது கை மேல் விழுந்துவிட்டது. பெரியம்மாவுக்கு ஒரு கீறலும் இல்லை, பாடசாலையில் மற்றச் சனத்தோடு இருக்கிறாள், என்னாலதானே புள்ளைக்கு இப்புடி ஆச்சுன்னு தலையில் அடித்துக்கொண்டு சோறு தொடாமல் கிடக்கிறாளாம். ரோட்டெல்லாம் உடைந்து கிடந்ததால் அவனைக் கண்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் காயத்தில் சேறு ஏறி விஷமாகிவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்தே ஆக வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சிங்களத்தில் சொல்ல, தாதி எனக்குத் தமிழில் சொன்னாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

உன் தம்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். வயது வந்தவன், அவன் சம்மதம் இல்லாமல் தாய் போட்டால் செல்லாதாம். கெஞ்சினேன், திட்டினேன், அவன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். கடைசியில், அக்காவே வேற ஆள வச்சு வரஞ்சிக்கலாம்னு சொல்லிட்டா, இனி கை இருந்தா என்னா, நான் இருந்தா என்னான்னு கேட்டான் மகள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நீ போனில் அவனுக்குப் பாரம் குறையட்டும் என்றுதான் சொல்லியிருப்பாய், கெட்ட மனதோடு சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படக்கதைப் புத்தகம் உங்கள் இரண்டு பேருக்கும் என்ன என்று எனக்கும் தெரியுமே. பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் வாங்கிய கிழிந்த படக்கதைகளைப் பார்த்து நீங்களாக உண்டாக்கிய ஆட்கள்தானே அந்த மூன்று முகமூடிக்காரர்களும். கொழும்புத் துறைமுகத்துத் தொப்பிக்காரன், குதிரையில் வரும் கரும்பட்டு வீரன், பிறகு நீ அடம்பிடித்துச் சேர்த்த சாட்டைக்காரி. வெள்ளைக்காரன் காலத்தில் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு கதையில் திரிந்தவர்களை இப்போது ஒரே புத்தகத்தில் கொண்டுவந்து சேர்த்தீர்கள். சென்னையில் அச்சடிப்பவர்கள் சம்மதித்த அன்று நீங்கள் இரண்டு பேரும் போனில் போட்ட சத்தத்தில் லயமே எட்டிப் பார்த்தது. கதை உன்னுடையது, கோடு அவனுடையது. அதில் வேறொரு கை வந்தால் அவன் செத்ததற்குச் சமம் என்று நினைத்துவிட்டான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவன் பையில் இருந்த படத்தாள்களை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாகப் படித்தேன். ஒருவரையொருவர் நம்பாத மூன்று பேரும் ரயில் சுரங்கத்துக்குள் அகப்பட்டுத் தண்ணீர் ஏறுகிற இடத்தோடு அவன் வரைந்தது நிற்கிறது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடக்கும் ரிப்காவின் வாப்பா, கலகெதர லொறிக்கார நானா, பொறகு என்ன நடக்குது, சொல்லுங்களேன்னு கேட்டார். எனக்கென்ன தெரியும், தம்பியைக் கேட்டேன். அக்காவுக்குத்தான் தெரியும்னு சொல்லிப் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டான். காய்ச்சல் ஏறி உடம்பு கொதித்தது, கை வீங்கி நிறம் மாறிவிட்டது, டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெற்ற பிள்ளை கண் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருப்பது எதிரிக்கும் வேண்டாம் மகள். மாரியம்மாளையும் திட்டினேன், உன் செத்துப்போன அப்பாவையும் திட்டினேன்.

நான் தண்ணீர் பிடிக்கப் போய் வரும்போது அவன் இடது கையில் பென்சிலை வைத்துக்கொண்டு தாளின் பின்பக்கத்தில் என்னவோ கீறிக்கொண்டிருந்தான். கோடு ஒரு பக்கம் போக, கை ஒரு பக்கம் போனது. பார்த்துவிட்டுக் கசக்கிக் கீழே எறிந்துவிட்டு வாய்விட்டு அழுதான், சின்ன வயதில்கூட அவன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. தாள் நானாவின் கட்டிலுக்குக் கீழே உருண்டது. ரிப்கா எடுத்து விரித்து வாப்பாவிடம் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அந்தத் தொப்பிக்காரனல்லவா, என்ன மகன், இவன் இவ்வளவு கோபமா நிக்கிறான்னு கேட்டார். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். எப்புடித் தெரிஞ்சது உங்களுக்குன்னு கேட்டான். தொப்பியும் அந்த நிக்கிற தோரணையும் போதுமே, நான்தான் உங்கட உம்மா வாசிக்கக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்தேனேன்னு அவர் சொன்னார். தம்பி தாளை வாங்கி நெடுநேரம் நெஞ்சில் வைத்திருந்தான். பிறகு, டாக்டரைக் கூப்புடுங்கம்மான்னு சொன்னான்.

இப்போது அவன் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறான். கதவை மூடிவிட்டார்கள். விஷம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம், டாக்டர் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பிள்ளை பிழைத்து வருவானா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. நீ பயந்து வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடாதே, சாப்பிடாமலும் இருக்காதே, காலுக்குக் கம்பளி மேசு போட்டுக்கொள். சாமிக்கு ஒரு விளக்கு வை. கடவுள் உன்னையும் அவனையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது, அக்கா மிச்சப் பக்கத்த யாருக்கும் குடுத்துடலையேம்மான்னு கேட்டான். இல்லடா, நீ வரைற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கேன்னு அக்கா சொன்னாடா என்று நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது மகள். அவன் கண் விழிப்பதற்குள் அதை நீ உண்மையாக்கிவிடு.

இப்படிக்கு,
தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா
கலாராணி