தண்ணீர்த் தொட்டியடிப் பூங்கா

1974 மார்ச் 11, திங்கள். மாலை 5.40. தொட்டியடியில் 43 பெண்கள்.

உப்பளம் விட்டு வருகிறவர்கள். மேல்நிலைத் தொட்டியின் வால்வு ஒழுகுகிறது. அதில் கால் கழுவுகிறார்கள். வாளி வைத்துப் பார்த்தேன் — மணிக்கு நானூறு லிட்டர் வீண். சேறு, கொசு. ஊர் நடுவே இப்படி ஓர் இடம். இங்கேதான் பஞ்சாயத்துப் பூங்கா வரப்போகிறது: வேப்பங்கன்று பன்னிரண்டு, சிமெண்ட் பெஞ்ச் ஆறு. மாலையில் ஜனங்கள் காற்று வாங்கினால் பாதி நோய் போகும். பிளான் நான் போட்டது. முதலில் தரை காய வேண்டும்.

மார்ச் 14

வால்வுக்குப் புது வாஷர். இப்போது ஒரு சொட்டு இல்லை.

ஏப்ரல் 24

பெஞ்ச் போட்டு ஆறு நாள். ஒரு நாய் படுத்திருக்கிறது. வேறு யாரும் இல்லை.

பெண்கள் நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் இந்நேரம் பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னலில் அவர்கள் சத்தம்தான். அவர்களில் ராசம்மாள் என்பவள் சேற்றில் உப்பளக் கங்காணியைப் போல நடந்து காட்டுவாள். அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஒருத்தி கால் இன்னொருத்தி மடியில் இருக்கும், வெடிப்பிலிருந்து உப்புக்கல்லை ஊக்கால் எடுப்பாள். நான் ஃபைலை மூடிவைத்துவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

பாலிடெக்னிக் ஹாஸ்டல் ஞாபகம். நாங்கள் பேசியதெல்லாம் காலையில் குளிக்க நிற்கும் வாளி வரிசையில்தான். சிவஞானம் சோப்பு டப்பாவைத் தட்டிக்கொண்டு வார்டனுக்கு ஒப்பாரி வைப்பான். பரீட்சை பயம், வீட்டுக் கவலை எல்லாம் அங்கேயே கரைந்துவிடும். பொழுதுபோக்கு அறை என்று ஒன்று இருந்தது. அதன் பூட்டு மட்டும்தான் நினைவிருக்கிறது.

மே 6

மருந்தகக் கம்பவுண்டர் பவுல்ராஜ் வந்தார். உட்காரவில்லை.

"குழாய அடைச்சதுக்கு அப்புறம் கால் புண்ணுன்னு வர்றவங்க ரெண்டு மடங்கு சார். உப்பளத்து லூர்துமேரிக்கு கால் சுண்டுவிரல் கறுத்துப் போச்சு. பாண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன்."

"செருப்பு போடச் சொல்லுங்க."

"உப்புப் பாத்தியில செருப்பா? எறங்கிப் பாத்திருக்கீங்களா?"

இல்லை.

மே 7

ராசம்மாளை வழியில் நிறுத்தினேன். வீட்டில் கழுவக் கூடாதா?

"குடிக்கவே ரெண்டு குடம். அதுல காலு கழுவுறதா? ஏம்பா ஓவர்சியரு, குழாய அடைச்சியே, இந்த வெடிப்பையும் ஒரு சட்டி சிமெண்ட் போட்டு அடைச்சிட்டுப் போ."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சரி, பெஞ்சில் உட்காரலாமே?

"டீக்கடைக்கு நேரா போட்டு வெச்சிருக்கே. பொடவைய முட்டிக்கு ஏத்திக்கினு அங்க எவ உக்காருவா? தொட்டித் தூணுன்னா ஒரு மறைப்பு இருந்திச்சு."

நாலு முறை டேப் பிடித்தேன் அந்த இடத்தில். தூண் எதை மறைக்கிறது என்று ஏன் பார்க்கவில்லை?

மே 19, ஞாயிறு

லூர்துமேரி திரும்பிவிட்டாள். விரலை எடுத்துவிட்டார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் கட்டோடு நின்றாள்.

குழாயை அடைத்தது நான்தான் என்றேன்.

"தெரியும் சார். எப்பத் தொறப்பீங்க?"

திட்டியிருக்கலாம்.

பஞ்சாயத்துத் தலைவர் பூங்காவில் கை வைக்கக் கூடாது என்கிறார். திறப்பு விழாக் கல் செதுக்கியாயிற்றாம். செய்ய வேண்டியவை:

1. நாளை காலை, கணுக்கால் உயரத்தில் நாலு குழாய். அனுமதி பிறகு.
2. டீக்கடைப் பக்கம் நாலடிச் சுவர். எங்கே என்று ராசம்மாள் கோடு போடட்டும்.
3. பெஞ்சுகளைப் பெயர்த்துச் சுவருக்குள் போடுவது.
4. தண்ணீர் தேங்காமல் கன்றுகளுக்கு வாய்க்கால்.
5. பிளான் தப்பு, போட்டது நான் — தலைவருக்கு எழுத்தில். இன்றைக்கே.