மூன்று நாளும் போட்ட வலை

முல்லைத்தீவு
12.10.2025

அன்புள்ள மகன் சிவகரனுக்கு,

நாங்கள் நலம். நீயும் மனைவியும் சின்னவனும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோவன் அப்பா என்கிறாள் மகள் டக்சாயினி. இது கையால் எழுத வேண்டிய விடயம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இங்கே மாரி இன்னும் பிடிக்கவில்லை. களப்பில் இறால் நன்றாகப் படுகிறது. கிறேஸுக்கு முழங்கால் நோ, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மீன் தின்னாத மீன்பிடிகாரனை நான்தான் கட்டியிருக்கிறன் என்று இன்றும் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன் களப்பு கடக்கும் பயிற்சியில் கயிறு அறுந்து எங்கள் மூத்தவன் அன்ரன் மூழ்கினான் என்றுதான் இயக்கத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் முன்னுக்கு வாருங்கோ என்றபோது, மாங்குளத்தில் தோட்டம் செய்தவர்களின் பிள்ளையான நீயும் சிநேகிதன் அன்ரனைப் பிரிய மனமில்லாமல் முன்னுக்குப் போனதை இப்போதுதான் அறிகிறேன். நடுத் தண்ணீரில் நீ தாழ, அவன் திரும்பி வந்து உன்னை மரக்குற்றியில் ஏற்றிவிட்டு, முதுகுச் சுமையோடு தான் மூழ்கிப் போய்விட்டான். நான்தான் கொன்றனான், உங்கட முகத்தில முழிக்க வரலாமோ என்று கேட்டிருக்கிறாய்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. கடிதத்தைக் கிழிக்கவும் பார்த்தேன். பிறகுதான் யோசித்தேன். உனக்கு நீந்தத் தெரியாது என்பது அன்ரனுக்குத் தெரிந்திருக்கும்தானே? அவனும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்திருப்பீர்கள்.

மகன், என்னிடமும் ஒன்று இருக்கிறது. எங்கள் கரையில் தண்ணீரில் ஆள் போனால், உடல் கிடைக்கும்வரை அந்தத் தண்ணீரில் ஒருவரும் வலை போடுவதில்லை. அன்ரன் போன செய்தி எங்களுக்கு மூன்றாம் நாள் பின்னேரம்தான் வந்தது, உடல் கிடைத்த பிறகு. அந்த மூன்று நாளும் அதே களப்பின் மறுகரையில் நான் வலை போட்டேன். நல்ல திரளி மீன் பட்டது. கிறேஸ் குழம்பு வைத்தாள், சாப்பிட்டோம், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம். அன்றோடு மீனை விட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவளிடம் பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். எதையும் அறியாமல்தான் வலை போட்டேன் என்றாலும் மனம் ஆறவில்லை. அதனால் உன் மனம் எனக்கு விளங்குகிறது.

உன் மகனைப் பள்ளிக்கூட நீச்சல் வகுப்புக்கும் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்யாதே. அவன் நீந்தப் பழகட்டும். அன்ரன் உன்னைக் கரை சேர்த்திராவிட்டால் அந்தப் பிள்ளை ஏது?

வரலாமோ என்று கேட்காதே, மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு வா. உன் கடிதத்தைக் கிறேஸுக்கு நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை. உன்னுடையதை நீ அவளிடம் சொல்லு, என்னுடையதை நான் சொல்கிறேன். அழுவாள், ஏசுவாள், பிறகு எழும்பிக் குசினிக்குப் போவாள். அன்றைக்கு அவள் திரளி காய்ச்சட்டும். நீ பக்கத்தில் இருந்தால் நானும் சாப்பிடுவேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அன்ரனின் அப்பா
பஸ்தியாம்பிள்ளை