லாரிசா தூக்கிய கை

சஸ்காட்சுவான், ஞாயிறு

அன்பு மகள் லாரிசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடுகள் எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதிக் கேட்கிறேன். குளிர் இந்த வாரம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது, வண்டி இரண்டாவது முயற்சியிலேயே கிளம்பிவிடுகிறது.

இனிமேல் பனித்தரையில் கர்லிங் கல்லைச் சறுக்கிவிடவே மாட்டேன், அணியிலிருந்து விலகுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். மாணவர்களின் குளிர்கால உலகப் போட்டியில் நீ ஆடிய அரையிறுதியை ஊரே கிளப்பில் கூடி டிவியில் பார்த்தது. உங்கள் கடைசிக் கல் நடுவட்டத்தில் போய் நின்றதும் அப்பா நாற்காலி மேல் ஏறிவிட்டார். நீயோ கையைத் தூக்கி, முன்னால் பனியைத் தேய்க்கும்போது என் துடைப்பம் ஓடுகிற கல்லில் பட்டுவிட்டது என்றாய். கேமராவுக்கே தெரியாத விஷயம், துடைப்பம் பட்ட கல் செல்லாது என்று ஜெயித்த ஆட்டம் போயிற்று. “அடிப்பாவி, உன்னை யாருடி கேட்டா?” என்று அப்பா நாற்காலியில் நின்றபடியே டிவியைத் திட்டினார். பட்டவரேதான் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் உன்னை மிரட்டிப் பழக்கியது யார் என்று கேட்டேன், “பழக்கினேன், அதுக்காக அரையிறுதியிலயா?” என்கிறார். கூட ஆடிய பெண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நீ அழுதது கேட்டு, ஏன்தான் கையைத் தூக்கினாளோ என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்லவில்லை.

நேற்று அப்பாவின் அணிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆட்டம். அவர்களுடைய வாஸில் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, அவர் துடைப்பம் கல்லைத் தடவாத ஆட்டம் உண்டா, கேட்டால் கண் சரியாகத் தெரியவில்லை என்று பூசி மெழுகுவார். நேற்றும் அவர்கள் ஜெயித்தாயிற்று, அப்பா கைகொடுக்கப் போய்விட்டார், கிழவர் முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கினார். பட்டுவிட்டதாம்! எல்லோரும் திரும்பி அவரையே பார்த்தோம். “என்னடா முறைக்கிறீங்க? அந்தப் பொண்ணு டிவியில கையைத் தூக்கினதிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவ நல்லா இருப்பாளா!” என்று கத்தினார். ஆட்டம் எங்களுக்கு வந்தது. கர்லிங்கில் ஜெயித்தவர்தானே தோற்றவருக்கு வாங்கித் தரவேண்டும், அப்பா அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது அப்பாவின் கண் கலங்கியிருந்தது, விலையைப் பார்த்து வந்த கண்ணீர் என்று சமாளிக்கிறார். எத்தனையோ பேர் பதக்கம் வாங்கியிருக்கலாம், வாஸில் மாமாவைக் கை தூக்க வைத்தவள் என் மகள் ஒருத்திதான்.

கடவுள் உனக்குத் துணையிருப்பார். காதை மூடாமல் வெளியே போகாதே. உருளைக்கிழங்கைப் பொதிந்து கொழுக்கட்டை மாதிரி வரேனிகி செய்து அனுப்புகிறேன், அந்தப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பிடு, வயிறு நிறைந்த பிறகு எவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டாள். உறையை ஒட்டப் போகும்போது அப்பா எட்டிப் பார்த்து ஒன்று சேர்க்கச் சொன்னார்: “போய் ஆடச் சொல்லு. பட்டா மறுபடியும் தூக்கட்டும்.”

உன் அம்மா,
ஓரிசியா